ஒரத்தநாடா, தரங்கம்பாடியா

சுபானு வருடம், புரட்டாசி 9
கோட்டைக்குப்பம், பழவேற்காடு

சௌபாக்கியவதி மகள் தேவகிக்கு அம்மா வேலம்மா சொல்ல, கிடங்கு எழுத்தர் கோபால் எழுதியது. இங்கு நானும் வீடும் இரண்டு படகும் சுகம். முழங்கால் வலி ஆடியோடு போயிற்று. உன் சுகமும் மாப்பிள்ளை சுகமும் தெரிய வேண்டும். அவருடைய இருமல் இப்போது எப்படி இருக்கிறது?

விஷயம் என்னவென்றால், துளசிங்கம் மாமாவின் தோணி வருகிற மாசியில் கருவாடு ஏற்றிக்கொண்டு நாகப்பட்டினம் போகிறது. "அக்கா, நீயும் ஏறிக்கோ. பசங்களப் பாத்து மூணு வருசமாச்சே"ன்னு அவன் கூப்பிட்டான். நானும் சரி என்று சொல்லிவிட்டேன். தோணி அங்கே பன்னிரண்டு நாள் நிற்கும். நெல் ஏற்றியதும் திரும்பிவிடும்.

நாகையிலிருந்து உன் தரங்கம்பாடி ஒரு நாள் வண்டி. உன் தம்பி தருமலிங்கம் வைத்தியம் படிக்கிற ஒரத்தநாடு நான்கு நாள் வண்டி. இரண்டுக்கும் போனால் பத்து நாள் வண்டியிலேயே கழியும். முகத்தை எட்டிப் பார்த்துவிட்டு ஓடிவர நான் வரவில்லை. ஒரே ஊரில் உட்கார்ந்து, உலை வைத்து, பிள்ளை எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு வர வேண்டும். இரண்டும் பள்ளிக்கூடத்து ஊர், இரண்டும் சின்ன ஊர், எதற்குப் போனாலும் பார்க்க நிறைய இருக்கிறது என்று கோபால் சொல்கிறான். அவன் இரண்டையும் பார்த்ததில்லை. நீயே சொல், எங்கே வரட்டும்?

தோணியைத் தவற விட முடியாது. சித்திரை இரண்டாம் தேதி பாட்டுச் சீட்டு. ஏரியில் யார் எந்த இடத்தில் வலை போடுவது என்று அன்றுதான் சீட்டுக் குலுக்கிப் பிரிப்பார்கள். உன் நைனா போன நாளிலிருந்து அவருடைய பங்குக்கு நான்தான் போய் உட்காருகிறேன். ஆள் நேரில் இல்லாவிட்டால் பங்கு இல்லை.

ஊர் விஷயம் ஒன்று. செல்வம்மாள் மகள் குப்பம்மாளுடைய புருஷன் ஆனியில் காய்ச்சலில் போய்விட்டான். காட்டூரில் தனியாகக் கிடந்தவளை நானே போய் அழைத்து வந்தேன். ஆவணியிலேயே தோணிரேவு ஊரில் ஒரு படகுக்காரனுக்குக் கட்டிக் கொடுத்தாயிற்று. வரமாட்டேன் என்று அழுதாள். இப்போது சரியாக இருக்கிறாள். பெண்பிள்ளையை வெளியூரில் தனியே விடுவது சரியில்லை.

வேளைக்குச் சாப்பிடு. மாப்பிள்ளைக்குச் சுக்கும் மிளகும் தட்டிப் போட்டுக் கொடு. பதிலைச் சீக்கிரம் அனுப்பு.

வேலம்மா


ஐப்பசி 24
தரங்கம்பாடி

அம்மாவுக்கு மகள் தேவகி வணக்கத்துடன் எழுதுவது. இங்கு சுகம். உங்கள் முழங்கால் தேறியது கேட்டு மனம் நிறைந்தது. கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. மழை கொட்டியதால் பதில் எழுதத் தாமதமாயிற்று.

அம்மா, நீங்கள் ஒரத்தநாட்டுக்கே போங்கள். நான் நன்றாக யோசித்துத்தான் சொல்கிறேன். தம்பி அங்கே தனியாக இருக்கிறான். சத்திரத்தில் சோறு போடுகிறார்கள் என்றாலும் நம் வீட்டுக் குழம்பு ஆகுமா? ராஜா கட்டிய சத்திரம், ஐந்தாறு பாஷை சொல்லிக் கொடுக்கிற பள்ளி, வைத்தியசாலை, பெரிய குளம் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கிறதாம். வழியெல்லாம் வயல். நீங்கள் ஆயுசில் அவ்வளவு பச்சையைப் பார்த்திருக்க மாட்டீர்கள்.

தரங்கம்பாடியில் என்ன இருக்கிறது? மதிலுக்குள் நாலு தெரு, டேனியருடைய கோட்டை, அலை அரித்துக்கொண்டே வருகிற கரை. கடலும் மணலும் கருவாட்டு வாசனையும் உங்களுக்குப் புதிதா? இதைப் பார்க்க ஆறு நாள் தோணியில் வர வேண்டுமா?

நம் பெண்பிள்ளைப் பள்ளியில் இப்போது முப்பத்தொரு பேர் படிக்கிறார்கள். அதில் பாதி மீனவர் தெருப் பிள்ளைகள். அ எழுதச் சொன்னால் மீன் மாதிரி வாலோடு எழுதுகிறார்கள். பள்ளியைப் பார்த்துக்கொள்ளும் துரைசானி நல்ல மாதிரி. பங்குனியில் பரீட்சை வைக்கப் போகிறார்கள். அதனால் வேலை கொஞ்சம் அதிகம். நீங்கள் வந்தாலும் கூட உட்கார்ந்து பேச எனக்கு நேரம் இருக்காது.

குப்பம்மாள் விஷயம் படித்தேன். அவள் சுகமாக இருந்தால் சரி.

ஏரிக்காற்றில் தலையை நனைய விடாதீர்கள். துளசிங்கம் மாமாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

தேவகி


கார்த்திகை 18
ஒரத்தநாடு சத்திரம்

அன்புள்ள அம்மாவுக்கு உன் மகன் தருமலிங்கம் எழுதுவது. நான் சுகம், ஒரு சுற்றுப் பெருத்தும் இருக்கிறேன். நீ சுகமா? படகுகளுக்குக் கீல் பூசியாயிற்றா?

நீ எந்த ஊருக்கு வருவது என்று யோசிக்கிறாயாம். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? இங்கே வா. சத்திரத்தில் பெண்கள் தங்கும் கொட்டடியில் உனக்கு இடம் கேட்டு வைத்துவிட்டேன். ஒரு பக்கம் பிள்ளைகள் தெலுங்கு படிக்கிறார்கள், ஒரு பக்கம் மராத்தி, ஒரு பக்கம் இங்கிலீஷ். எல்லாம் சேர்ந்து ஒலிக்கிறபோது நம் குப்பத்தில் மீன் ஏலம் விடுகிற மாதிரியே இருக்கும். உனக்கு வீட்டு ஞாபகம் வராது.

நான் இப்போது எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுகிறேன். பெரிய வைத்தியர் பக்கத்தில் நிற்பார், கை என்னுடையது. போன வாரம் பனைமரத்திலிருந்து விழுந்த ஒருவருக்கு முழங்கைக்குக் கட்டினேன். "இந்த முடிச்சு எங்க கத்துக்கிட்டே?"ன்னு கேட்டார் வைத்தியர். எங்கள் அம்மாவிடம் என்றேன். வலைக்குப் போடுகிற முடிச்சுதான் அது. நீ வந்தால் அவருக்கு அறிமுகம் செய்துவைக்கிறேன்.

அக்கா எனக்கும் எழுதியிருந்தாள். அம்மாவை நீயே கூப்பிடு, விடாமல் கூப்பிடு என்று இரண்டு தரம் எழுதியிருக்கிறாள். அவள் சொல்லாவிட்டாலும் கூப்பிட்டிருப்பேன். அத்தான்தான் என்னை மறந்துவிட்டார். அச்சுப் புத்தகத்திலிருந்து சில மருந்துப் பெயர்களைப் பெயர்த்து எழுதி அனுப்புவதாக வைகாசியில் சொன்னார். இன்னும் வரவில்லை. எப்போதும் சொன்ன நாளுக்கு முன்பே அனுப்புகிறவர். அக்காவுக்கு எழுதும்போது ஞாபகப்படுத்து.

மாசிக்கு இன்னும் இரண்டு மாதம்தான். உடம்பைப் பார்த்துக்கொள்.

தருமலிங்கம்


மார்கழி 11
கோட்டைக்குப்பம், பழவேற்காடு

சௌபாக்கியவதி மகள் தேவகிக்கு அம்மா சொல்லி எழுதுவது. இங்கு சுகம். புயலில் பனையோலைக் கூரை கொஞ்சம் போயிற்று, மறுநாளே வேய்ந்துவிட்டேன். முகத்துவாரம் நன்றாக வெட்டிக்கொண்டு தண்ணீர் ஏறுகிறது. இறால் வருகிறது. உலாந்தா வெள்ளைக்காரர் திரும்பி வந்து ஐந்து வருஷமாகியும் இடிந்த கோட்டையைக் கட்டவில்லை. அதில் இப்போது ஆடு மேய்கிறது.

தம்பி எழுதினான். நீயும் எழுதினாய். இரண்டு பேரும் ஒரத்தநாடு என்கிறீர்கள். துளசிங்கம் மாமாவும் அதையேதான் சொல்கிறான். எல்லாரும் ஒன்றையே சொல்லும்போது நானும் சரி என்று சொல்ல வேண்டியதுதான். ஆனாலும் சில விஷயம் கேட்க வேண்டும்.

உன் கடிதத்தைக் கோபாலை மூன்று தரம் படிக்கச் சொன்னேன். தம்பியைப் பற்றி இருக்கிறது. வயலைப் பற்றி, குளத்தைப் பற்றி, துரைசானியைப் பற்றி இருக்கிறது. மாப்பிள்ளையைப் பற்றி ஒரு வரி இல்லை. "கோபாலு, நீ எதனா வுட்டுட்டியா?"ன்னு கேட்டேன். "இல்லக்கா, இவ்ளோதான் எழுதிக்குது"ன்னான். நான் இருமலைக் கேட்டிருந்தேன், நீ அதற்கும் பதில் எழுதவில்லை. உங்கள் இருவருக்கும் ஏதாவது சண்டையா? இருந்தால் சொல். புருஷன் பெண்சாதி என்றால் சண்டை இருக்கும். உன் நைனாவும் நானும் ஒரு மாசிமகம் முழுக்கப் பேசிக்கொள்ளவில்லை.

மாப்பிள்ளை கைப்பட இரண்டு வரி எழுதி அனுப்பச் சொல். தம்பிக்கு மருந்துப் பெயர் அனுப்புவதாகச் சொன்னாராம், அதையும் ஞாபகப்படுத்து. இரண்டு வரி போதும். அது வந்ததும் நான் நிம்மதியாக ஒரத்தநாடு போகிறேன்.

குளிருக்கு இழுத்துப் போர்த்திக்கொள். காலையில் வெறும் வயிற்றோடு பள்ளிக்குப் போகாதே.

வேலம்மா


தை 20
தரங்கம்பாடி

அம்மாவுக்கு தேவகி வணக்கம். நான் சுகம். உங்கள் சுகத்துக்குக் கடவுளை வேண்டுகிறேன்.

கடிதம் தை முதலிலேயே கிடைத்தது. வேலையில் எழுத முடியாமல் போயிற்று. எங்களுக்குள் சண்டை எதுவும் இல்லை. ஒரு நாளும் இருந்ததில்லை. அவர் கையால் எழுதி அனுப்ப இப்போது வசதிப்படவில்லை. மருந்துப் பெயர்களை நானே அந்தப் புத்தகத்திலிருந்து எடுத்துத் தம்பிக்கு அனுப்பிவிட்டேன்.

நீங்கள் ஒரத்தநாடு போவதாக முடிவு செய்தது நல்லது. பங்குனியில் பரீட்சை முடியும் வரைக்கும் இங்கே வர வேண்டாம். அடுத்த வருஷம் வாருங்கள். அப்போது நானே நாகப்பட்டினம் வரை வந்து அழைத்துப் போகிறேன்.

பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். இத்துடன் நிறுத்துகிறேன்.

தேவகி


மாசி 6
கோட்டைக்குப்பம், பழவேற்காடு

மகன் தருமலிங்கத்துக்கு அம்மா சொல்லி எழுதுவது. இங்கு சுகம். நாளை மறுநாள் தோணி ஏறுகிறேன். கூடையில் உனக்கென்று வைத்திருந்த நெத்திலியும் காய்ந்த இறாலும் மாமா நாகையிலிருந்து வண்டிக்காரர் யாரிடமாவது கொடுத்து அனுப்புவான். நான் வரவில்லை.

கோபித்துக்கொள்ளாதே. கொட்டடியில் இடம் கேட்டு வைத்தாய், வைத்தியரிடம் சொல்லி வைத்தாய், எல்லாம் தெரியும். நீ சாப்பிடுவது, தூங்குவது, முழங்கைக்குக் கட்டுப் போட்டது எல்லாம் உன் கடிதத்தில் இருக்கிறது. இங்கே உட்கார்ந்தே உன்னைப் பார்த்துவிட்டேன். அக்காவுடைய கடிதத்தில் அவளைக் காணவில்லை. கடைசிக் கடிதம் என் உள்ளங்கை அகலம்கூட இல்லை. அதில் மாப்பிள்ளைக்கு எழுத வசதிப்படவில்லை என்று இருக்கிறது. பள்ளிக்கூடத்து வாத்தியாருக்கு எழுத வசதிப்படாமல் போகுமா? உடம்புக்கு ஏதோ பெரிதாக வந்திருக்க வேண்டும், இல்லை அவளை விட்டுவிட்டு எங்கேயோ போயிருக்க வேண்டும். எதுவானாலும் நேரில் போனால் தெரிந்துவிடும்.

அதனால் தரங்கம்பாடிக்கே போகிறேன். அக்காவுக்கு நீ எதுவும் எழுதாதே. தெரிந்தால் எனக்கு முன்னால் எல்லாவற்றையும் ஒழித்துப் பெருக்கி வைத்துவிடுவாள்.

கோபால் இதை எழுதும்போது, "இன்னாக்கா, புள்ள ஆசையா கூப்டுது, போவாம வுடறியே"ன்னான். என் பிள்ளைக்கு அம்மாவைத் தெரியும் என்று சொன்னேன். உடம்பு பருத்தது போதும். கூழாகக் குடி.

வேலம்மா


பங்குனி 13
தரங்கம்பாடி

தம்பி தருமலிங்கத்துக்கு அக்கா எழுதுவது. நான் சுகம். அம்மா நேற்றுக் காலையில் கிளம்பிப் போனாள். இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படி.

உன் அத்தான் ஆடி மாதம் பத்தொன்பதாம் தேதி இறந்துபோனார். வாந்திபேதி. பள்ளிக்குப் போனவர் மத்தியானம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தார். மறுநாள் அவர் இல்லை. உனக்கு நான் எழுதவில்லை, அம்மாவுக்கும் எழுதவில்லை. எழுதினால் கோபால் அண்ணன் வாசலில் உட்கார்ந்து உரக்கப் படிப்பார், குப்பமே கேட்கும். அடுத்த தோணியில் அம்மா வந்து என்னை அழைத்துப் போய்விடுவாள். எப்படி எழுதுவது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் குப்பம்மாளைக் கட்டிக் கொடுத்த செய்தி வந்தது. அதற்குப் பிறகு எனக்குக் கை வரவில்லை.

அவர் போன பத்தாம் நாள், அவருக்கு உதவியாகச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்த என்னைத் துரைசானி கூப்பிட்டு, வேறு வாத்தியார் கிடைக்கிற வரைக்கும் பள்ளியைப் பார்த்துக்கொள்கிறாயா என்று கேட்டார். பார்த்துக்கொள்கிறேன் என்றேன். பங்குனிப் பரீட்சையில் பிள்ளைகள் தேறினால் வேலை எனக்கே, இல்லாவிட்டால் வேறு ஆள் என்று பேச்சு. அதுவரை அம்மா வராமல் இருந்தால் போதும் என்று உன் பக்கம் தள்ளிவிட்டேன். உன்னையும் சேர்த்து ஏமாற்றினேன்.

மாசி பதினைந்தாம் தேதி கடைசி வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். வாசலில் அம்மா கூடையோடு நிற்கிறாள். என் நெற்றியைப் பார்த்தாள். கழுத்தைப் பார்த்தாள். உள்ளே வந்து, பிள்ளைகளுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்துகொண்டாள். பள்ளி விடுகிற வரைக்கும் அப்படியே இருந்தாள். நான் என்ன சொல்லிக் கொடுத்தேன் என்று எனக்கே தெரியாது.

பிள்ளைகள் போன பிறகுதான் வாய் திறந்தாள்.

"எப்போ?"

"ஆடில."

"இன்னா ஒடம்புக்கு?"

"வாந்திபேதி."

"ஏழு மாசம். ஏழு மாசமா நான் மாப்பிள்ள இருமலக் கேட்டுக்கினே இருந்துக்கிறேன்" என்றாள். அப்புறம் என் தலையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நான் அழுதேன். அவர் போனதிலிருந்து நான் உரக்க அழுதது அன்றுதான். ஒரு வீட்டில் ஒருத்தி மட்டும் உட்கார்ந்து அழ முடியாது, தம்பி.

மறுநாள் பாத்திரங்களைக் கட்ட ஆரம்பித்துவிட்டாள்.

"பத்து நாள்ல தோணி. கெளம்பு."

"நான் வரலம்மா."

"இங்க யாருக்கிறாங்க ஒனக்கு?"

"முப்பத்தோரு பேரு."

"அதுங்க சாயங்காலமானா வூட்டுக்குப் பூடும்."

"நைனா போனப்போ பெரியப்பா ஒன்னையும் வேற எடத்துல கட்டிக் குடுக்கறேன்னு வந்தாரு இல்ல. நீ ஏன் போவல?"

"எனக்குப் படகு இருந்திச்சு."

"எனக்குப் பள்ளிக்கூடம் இருக்குது."

அதன் பிறகு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. சமைத்தாள், சோற்றைப் போட்டாள், பள்ளிக்கு வந்து பின்னால் உட்கார்ந்தாள். மூன்றாம் நாள், "பாதிப் புள்ளைங்களக் காணோமே, எங்க?" என்றாள். மாசியில் மீன் வரத்து அதிகம். மீனவர் தெரு அம்மாக்கள் பெண்பிள்ளைகளைக் கருவாடு காயவைக்க நிறுத்திக்கொள்வார்கள். பதின்மூன்று பேர் வரவில்லை. நான் வீடு வீடாகப் போய்க் கேட்டும் நடக்கவில்லை. பரீட்சைக்கு வராத பிள்ளை தேறாத பிள்ளை என்றுதான் எழுதுவார்கள்.

அம்மா கரைக்குப் போனாள். கஸ்தூரியம்மாள் என்று ஒருவர், அந்தத் தெருவில் அவர் சொன்னால்தான் மற்றவர்கள் கேட்பார்கள். அம்மா அவர் பக்கத்தில் உட்கார்ந்து, கேட்காமலேயே அரிவாள்மணையை எடுத்து மீனை ஆய ஆரம்பித்தாளாம். "எந்த ஊரும்மா நீ?" என்று அவர் கேட்டதற்கு, "பழவேற்காடு. வாத்தியாரம்மா ஆத்தா. ஒங்க பொண்ணு செய்யற வேலய நான் செய்யறேன். அத அனுப்பு" என்றாளாம். மறுநாள் இரண்டு பிள்ளைகள் வந்தார்கள். பிறகு ஐந்து. அம்மா விடிந்ததும் கரைக்குப் போய் மத்தியானம்தான் வருவாள். கை முழுக்க முள் குத்திய காயம்.

மாசி இருபத்தைந்து, தோணிக்குக் கூட்டிப்போக நாகையிலிருந்து வண்டி வந்தது. அம்மா வண்டிக்காரரிடம், "எந்தம்பிகிட்ட நான் வரலன்னு சொல்லு. பரீட்ச முடியட்டும்" என்றாள். பாட்டுச் சீட்டு என்ன ஆகும் என்று கேட்டேன். "காலு இருக்குது, நடந்து போறேன்" என்றாள். நீ போய்விடு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று எவ்வளவோ சொன்னேன். கேட்கவில்லை.

பங்குனி பத்தாம் தேதி பரீட்சை. முப்பத்தொரு பேரும் வந்தார்கள். வெளியூரிலிருந்து இரண்டு துரைமார் வந்தார்கள். கஸ்தூரியம்மாள் மகள் மரியம்மாவிடம் பார்க்காத புத்தகம் ஒன்றைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார்கள். ஒரு இடத்தில் தடுக்கினாள். அவள் அந்தச் சொல்லை எழுத்துக் கூட்டி, திரும்ப முதலிலிருந்து நிறுத்தாமல் படித்தாள். கணக்கில் மட்டும் நான்கு பேர் தவறவிட்டார்கள். மறுநாள் துரைசானி கூப்பிட்டு, வேலை உன்னுடையது என்றார்.

ஓடிவந்து அம்மாவிடம் சொன்னேன். "சரி. மழைக்கு முன்ன கூரைய மாத்திடு, மூலைல ஒழுவுது" என்றாள். மறுநாள் விடிந்ததும் உப்பு வண்டிகளோடு வடக்கே கிளம்பிவிட்டாள்.

தம்பி, உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். அத்தானுக்கு உன்மேல் ரொம்பப் பிரியம்.

அக்கா தேவகி


பங்குனி 24
ஒரத்தநாடு சத்திரம்

அக்காவுக்குத் தருமலிங்கம் எழுதுவது. கடிதம் வந்தது. சுகம் என்று எழுதக் கை வரவில்லை.

மருந்துப் பெயர் அனுப்பவில்லை என்று அத்தானைக் குறை சொன்னேன். அவர் போய் நான்கு மாதம் ஆன பிறகு சொல்லியிருக்கிறேன். நீ அதை எடுத்து எழுதி அனுப்பியபோது, அத்தான் எழுத்து மாறிவிட்டதே என்று சிரித்துக்கொண்டே நண்பர்களிடம் காட்டினேன். இதெல்லாம் எனக்கு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்.

அம்மாவிடம் சொல்லாதது புரிகிறது. என்னிடம் சொல்லியிருக்கலாம். வாந்திபேதிக்கு என்னிடம் மருந்து இல்லை, பெரிய வைத்தியரிடமும் இல்லை. ஆனால் நான்கு நாள் வண்டியில் வந்து உன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

வைத்தியரிடம் பதினைந்து நாள் கேட்டு வாங்கிவிட்டேன். சித்திரை முதல் வாரம் அங்கே இருப்பேன். வேண்டாம் என்று எழுதாதே, உன் கடிதம் இங்கே வந்து சேருவதற்குள் நான் அங்கே வந்துவிடுவேன். ஒழுகுகிற மூலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

வேலை கிடைத்ததில் எனக்குப் பெருமை. வேளைக்குச் சாப்பிடு.

தருமலிங்கம்


தாரண வருடம், சித்திரை 14
கோட்டைக்குப்பம், பழவேற்காடு

என் மகள், தரங்கம்பாடிப் பள்ளி வாத்தியாரம்மா தேவகிக்கு அம்மா சொல்லி எழுதுவது. நான் ஊர் வந்து சேர்ந்தேன். கால் வீக்கம் வடிந்துவிட்டது. உன்னிடம் வருவதாகத் தம்பி எனக்கும் எழுதியிருந்தான், இப்போது அங்கே இருப்பான். அவனுக்கு வயிறாரப் போடு.

நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். சதுரங்கப்பட்டினத்தில் காய்ச்சல் வந்து மூன்று நாள் படுத்துவிட்டேன். சத்திரத்தில் யாரோ ஒரு புண்ணியவதி கஞ்சி கொடுத்தாள். திருப்பாலைவனம் வந்தபோது சித்திரை இரண்டாம் தேதி சாயங்காலம். நெல் தூற்றிக்கொண்டிருந்தவர்களைக் கேட்டேன். பாட்டுச் சீட்டு காலையிலேயே முடிந்துவிட்டது என்றார்கள். அங்கேயே வரப்பில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் அழுதேன். சீட்டுக்காக என்று நினைத்துத்தான் அழ ஆரம்பித்தேன். மாப்பிள்ளைக்காக அழுதேன். உன் முன்னால் அழவில்லை, அதனால் எல்லாம் அங்கே வந்தது.

மறுநாள் கூட்டத்தில் போய் நின்றேன். குப்பத்துத் தலைவர் நாட்டார் முனியன், "ஆளு வரல, பங்கு இல்ல. ஒனக்கே தெரியுமே"ன்னார். "தெரியும். எம்மருமவன் செத்துட்டாரு, பொண்ணப் பாக்கப் போனேன். படகுல ஆறு ஆளுக்கிறாங்க, அவங்க வூட்ல அடுப்பு எரிய வாணாமா?"ன்னு கேட்டேன். அதுவரை மாப்பிள்ளை போனது இங்கே ஒருவருக்கும் தெரியாது. கூட்டத்தில் மாறி மாறிப் பேசினார்கள், சத்தம் போட்டார்கள், கடைசியில் வடக்கே சேற்றுப் பக்கம் யாரும் வேண்டாம் என்று விட்ட இடத்தை இந்த வருஷத்துக்குக் கொடுத்தார்கள். அங்கே கெளுத்திதான் கிடைக்கும். பரவாயில்லை. நான் பக்கத்து வீட்டு ராஜம்மாவோடு ஏரியில் இறங்கிக் கையாலேயே இறால் பிடிக்கிறேன். பத்து வருஷமாயிற்று நான் அப்படி இறங்கி. முதல் நாள் நண்டு கடித்துவிட்டது.

இதை மறைக்காமல் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. என்னால்தானே அம்மாவுக்கு இப்படி என்று நீ நினைத்துக்கொண்டு உட்காரக் கூடாது. நான் நின்றது என் இஷ்டம். முப்பத்தொரு பிள்ளையும் வரிசையில் உட்கார்ந்ததை நான் பார்த்தேன். சித்திரை அடுத்த வருஷமும் வரும்.

மாப்பிள்ளைக்குச் செய்ய வேண்டியதை ஊர் கூட்டிச் செய்தேன். குப்பம்மாள் தோணிரேவிலிருந்து வந்திருந்தாள். போகும்போது, "அக்கா எப்டிக்கிறாங்க? ஒரே ஆளாவா இருக்கறாங்க?"ன்னு கேட்டாள். நல்லா இருக்கிறாள் என்றேன். அவள் சிரித்துவிட்டுப் போனாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. அழுதவளைக் கட்டிக் கொடுத்தது நான்தான், அடுத்த வாரம் போய் அவளைப் பார்த்துவிட்டு வருவேன்.

போன வெள்ளிக்கிழமை பொன்னேரிப் பக்கமிருந்து ஒருவர் வந்தார். படகு மூன்று இருக்கிறதாம், பெண்சாதி இல்லையாம், உன்னைக் கேட்டு வந்தார். மோர் கொடுத்தேன். "அவ தரங்கம்பாடில வாத்தியாரம்மா. அவளுக்கே காயிதம் எழுதிக் கேளுங்க, அவ பதில் எழுதுவா"ன்னேன். தனக்கு எழுதத் தெரியாது என்றார். "அப்போ மொதல்ல அதக் கத்துக்கினு வாங்க"ன்னேன். மோரைக் குடித்துவிட்டுப் போனார். கோபால் இதை எழுதும்போது சிரிக்கிறான், எழுத்துக் கோணலாக இருந்தால் அவனைச் சொல்.

மரியம்மாவுக்கு என் பெயரைச் சொல்லி ஒரு வெல்லக்கட்டி வாங்கிக் கொடு. கஸ்தூரியம்மாளிடம் அவர் அரிவாள்மணை மழுங்கியிருக்கிறது, சாணை பிடிக்கச் சொல்.

சுகமாக இருந்தால் எழுது. சுகமில்லாவிட்டாலும் எழுது.

அம்மா